புதுச்சேரியில் காபரே உண்டா? டிசம்பர் கடைசியில் என்ன நாடகம் பார்க்கலாம்?

கேள்வி இதுதான். கோவையிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை புதுச்சேரியில் தங்குகிறது. நடுவில் ஓரிரு நாள் கடலூரில் சொந்தக்காரர் வீடு. எழுபது தாண்டிய அம்மாவும் பத்து வயதுப் பையனும் கூட வருகிறார்கள். "உள்ளூர் நாடகம் ஏதாவது பார்க்கணும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊராச்சே, காபரே ஷோவும் இருக்குமாமே, குடும்பத்தோடு போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காபரேயை முதலில் முடித்துவிடுகிறேன். அப்படி ஒன்று இங்கே இல்லை. காபரே என்றால் குடித்துச் சாப்பிட்டுக்கொண்டே மேடையில் பாட்டும் ஆட்டமும் பார்க்கிற கூடம். பாரீஸில் மோன்மார்த்ர் பகுதியில் 1881-ல் 'கறுப்புப் பூனை' என்று பெயர் வைத்து ஒரு மதுக்கூடம் திறந்தார்கள். கவிஞர்களும் பாட்டுக்காரர்களும் அங்கே மேடையேறிப் பெரிய மனிதர்களைக் கிண்டலடித்தார்கள். நிழல் நாடகம்கூடக் காட்டினார்கள். பிறகு 1889-ல் மூலான் ரூஜ் வந்தது. இறகு வைத்த உடையும் காலைத் தூக்கி ஆடும் ஆட்டமும் அதோடு பேர்பெற்றன. நம் பழைய படங்களில் வில்லனின் கிளப்பில் நடக்கும் ஆட்டம் இந்த இரண்டாவது வகைக்குத் தூரத்துச் சொந்தம். அதே 1889-ல்தான் புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் தொடங்கியது. அங்கே ஆட்டக்கூடம், இங்கே மொழி வகுப்பு. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியபோது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவை தேவாலயம், பள்ளிக்கூடம், தெருப்பெயர்கள், ரொட்டி, ஜூலை 14 கொண்டாட்டம் இவைதான். தினசரி காபரே நடக்கும் கூடம் என்று எதையும் இன்றைக்கு உங்களுக்குக் காட்ட முடியாது.

சரி, டிசம்பர் 31-க்கு 'ஷோ' என்று போட்டு விளம்பரம் வருகிறதே, அது என்ன? பெரும்பாலும் ஓட்டல் புல்வெளியில் ஒரு மேடை, ஒரு டிஜே, இடையில் நடனக் குழு ஒன்றின் நாலைந்து ஆட்டம், பஃபே சாப்பாடு, பன்னிரண்டு மணிக்கு வாணவேடிக்கை. 'காலா டின்னர்' என்று இதற்குப் பெயர். பல ஓட்டல்களில் அன்றிரவு அறை எடுத்தாலே இந்தக் கட்டணமும் சேர்ந்தே வரும். நீங்கள் அறைக்குள் படுத்துத் தூங்கினாலும் கொடுத்தாக வேண்டும். எனவே முன்பதிவு செய்யும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: காலா டின்னர் கட்டாயமா, பையனுக்கு எவ்வளவு, மழை பெய்தால் உள்ளே கூடம் இருக்கிறதா. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இங்கே டிசம்பர் மழை மாதம் என்பது கோவைக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நனைந்த பந்தலுக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை.

ரெஸ்டோ பார்கள் வேறு கதை. கொஞ்ச வருடங்களாக நகரத்தில் இவை பெருகியிருக்கின்றன. இசை, ஆட்டம், குடி எல்லாம் ஒரே கூடத்தில். இங்கே குடிக்கும் வயது 18 என்பதால் தமிழ்நாட்டிலிருந்து வரும் கூட்டம் பெரும்பாலும் சின்னப் பசங்கள். அம்மாவையும் பையனையும் அழைத்துப்போகிற இடம் இல்லை. அன்றிரவு கடற்கரைச் சாலைக்குப் போவதாக இருந்தாலும் நடந்துதான் போக வேண்டும். புத்தாண்டு இரவில் ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதிக்குள் வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கும் தங்கியிருப்பவர்களுக்கும் பாஸ் கொடுப்பது வழக்கம். வயதானவர்களோடு வருகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுவது நல்லது.

காபரேக்கு நம் ஊரில் உண்மையான பங்காளி ஒருவர் உண்டு. ரெக்கார்டு டான்ஸ், இப்போதைய போஸ்டர் பாஷையில் 'ஆடல் பாடல்'. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வேனில் வந்து இறங்கும் குழுக்கள். எம்.ஜி.ஆர். வேஷம், ரஜினி வேஷம், சினிமாப் பாட்டுக்கு ஜோடி ஆட்டம், நடுவில் நகைச்சுவை. இதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். கிடைக்காதபோது ஊர்க்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். ஆபாச ஆட்டம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டோ பேனரோ கூடாது, நேரத்துக்கு முடிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் நிபந்தனை விதித்திருக்கிறது. இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதே ஆட்டத்தை ஓட்டல் புல்வெளியில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆடுகிறவர்களுக்கு ஒரே இரவில் இரண்டு ஊர், வேனிலேயே தூக்கம், வேனிலேயே மேக்கப். உழைப்பு என்று பார்த்தால் அவர்களுக்கு நான் கைதட்டுவேன். ஆனால் உங்கள் தேதியில் இது கிடைக்காது. பொங்கலுக்குத்தான்.

இனி நாடகம். முக்கியமான சங்கதி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்தில் விடுமுறை சீசனும் நாடக சீசனும் ஒன்றாக வருவதில்லை. சென்னை சபாக்களை வைத்து மார்கழி என்றால் கலை என்று நினைக்கிறோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வானம் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. அந்தப் புத்தாண்டு இங்கே மின்சாரமே இல்லாமல் பிறந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான். இப்படிப்பட்ட மாதத்தில் திறந்த வெளியில் விடிய விடிய எவன் கூத்து வைப்பான்? வயலில் பயிர் நிற்கும், கையில் காசு இருக்காது, உட்கார இடம் ஈரம். அறுப்பு முடிந்து, பொங்கல் கழிந்து, தரை காய்ந்த பிறகுதான் இங்கே மேளம் கட்டுவார்கள்.

அதனால் டிசம்பர் கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது கூரைக்குக் கீழே நடக்கும் நாடகம். அதில் புதுச்சேரி ஒன்றும் சோடை போகவில்லை.

முதலில் விசாரிக்க வேண்டியது இந்தியாநோஸ்ட்ரம். ஒயிட் டவுனில் ரோமன் ரோலண்ட் தெருவில், பிரெஞ்சுக்காரர் காலத்துச் சினிமாக் கொட்டகை ஒன்றை நாடக அரங்காக மாற்றிக்கொண்ட குழு. நிறுவியவர் குமரன் வளவன். பாரீஸில் அரியான் ம்னூஷ்கின் நடத்தும் தியாத்ர் து சொலே குழுவோடு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தத் தொடர்பால்தான் 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் ம்னூஷ்கினின் ஆட்கள் புதுச்சேரிக்கே வந்து பட்டறை நடத்தினார்கள். அப்போது புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானிடம் தெருக்கூத்து கற்றுக்கொண்டு, அதே 2016 நவம்பரில் பாரீஸில் போட்ட நாடகத்தில் பிரெஞ்சு நடிகர்கள் கிரீடம் கட்டித் தமிழில் பாடி ஆடினார்கள். பிரான்சிலிருந்து நமக்கு வந்ததைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம், இங்கிருந்து அங்கே போனதும் உண்டு. இந்தியாநோஸ்ட்ரம் போடும் நாடகங்களில் வசனம் குறைவு, உடல் அதிகம். கதை புரியவில்லை என்று அம்மா அலுத்துக்கொள்ளலாம். பையன் கண் எடுக்காமல் பார்ப்பான் என்று நினைக்கிறேன். நாடகம் எங்கே, எந்தத் தேதியில் என்பதைப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். இங்கே வருடக் கணக்கில் அட்டவணை போடும் பழக்கம் கிடையாது. ஒரு வாரம் முன்புதான் போஸ்டரே வரும்.

அடுத்தது ஆதிசக்தி. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கி, 1993-ல் இந்தப் பக்கம் கொண்டுவந்த அமைப்பு. ஆரோவில்லுக்குப் போகும் வழியில், செம்மண் காட்டுக்கு நடுவே இருக்கிறது. எல்லாரும் புதுச்சேரி ஆதிசக்தி என்பார்கள். மண் என்னவோ விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர்களுடைய அரங்கத்துக்குக் கூத்துக் கோயில் என்று பெயர். கூடியாட்டம் என்ற கேரளத்துப் பழைய நாடகம், களரிப்பயற்று என்ற போர்க்கலை, மிழாவு என்ற தாளவாத்தியம் இவற்றையெல்லாம் உள்வாங்கி, நடிகரின் மூச்சையும் தாளத்தையும் வைத்துக் கட்டிய நாடகங்கள். மொழி பெரும்பாலும் ஆங்கிலம். சாவ்லா 2014 நவம்பர் 30-ல் காலமானார். அதன்பின் வினய்குமாரும் நிம்மி ரஃபேலும் நடத்திவருகிறார்கள். அவர் நினைவாக ஆண்டுதோறும் ஒரு கலைவிழாவும் வைக்கிறார்கள், வெளியூர்க் குழுக்கள் வரும்; ஆனால் அது கோடையை ஒட்டி. டிசம்பரில் பெரும்பாலும் பட்டறையும் ஒத்திகையுமாக இருப்பார்கள், சில சமயம் காட்சியும் வைப்பார்கள். நாடகம் நடக்கிறது என்றால் நேரத்துக்குப் போய்விடுங்கள். நம் கல்யாண வீட்டுக் கணக்கில் அரை மணி தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், அதுவும் சரிதான்.

ஆரோவில்லில் பாரத் நிவாஸில் ஸ்ரீ அரவிந்தர் பெயரில் பெரிய அரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் வெளிநாட்டு விருந்தினர் கூட்டம் அதிகம் என்பதால் நடனம், இசை, நாடகம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அரவிந்தர் ஆசிரமத்தின் சங்கதி வேறு. ஆசிரமப் பள்ளி ஆண்டுவிழாவை ஒட்டி டிசம்பர் 1-ல் மாணவர்கள் போடும் நாடகமும், டிசம்பர் 2-ல் விளையாட்டுத் திடலில் நடக்கும் உடற்பயிற்சிக் காட்சியும் இந்த ஊரின் பழைய வழக்கம். நீங்கள் மூன்று வாரம் பிந்தி வருகிறீர்கள்.

பல்கலைக்கழகத்தையும் சொல்லாமல் விட முடியாது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நாடகப் பள்ளி தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்றவர் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி. பின்னால் நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கே.ஏ.குணசேகரனும் அங்கே இருந்தார். மாணவர்களின் தயாரிப்புகள் பருவத்தேர்வை ஒட்டி வரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வளாகமே காலி.

கிறிஸ்துமஸ் என்றதும் ஒன்று. 24-ம் தேதி இரவு மிஷன் வீதியில் சம்பா கோயிலுக்குப் போகலாம், தமிழில் பூசை. துய்மா வீதியில் இருக்கும் கப்ஸ் கோயிலில் பிரெஞ்சிலும் உண்டு. பூசைக்கு முன்னால் பல பங்குக் கோயில்களில் பிள்ளைகள் இயேசு பிறப்பு நாடகம் போடுவார்கள். போர்வை சுற்றிய இடையர்கள், காகித இறக்கை கட்டிய தேவதூதர்கள், வசனம் மறந்து முழிக்கும் ஏரோது. டிக்கெட் கிடையாது. பத்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் அந்த வாரத்தில் இந்த ஊரில் இல்லை என்றே சொல்வேன்.

அம்மாவுக்கு என்றால் நான் சிதம்பரத்தைச் சொல்வேன். கடலூரிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மார்கழித் திருவாதிரை சில ஆண்டு டிசம்பரில் வரும், சில ஆண்டு ஜனவரியில் வரும்; பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் தேர். மறுநாள் விடியற்காலையில் ஆயிரங்கால் மண்டபத்தில் அபிஷேகம். மதியத்துக்கு மேல் நடராசரும் சிவகாமியும் கருவறையான சிற்சபைக்குத் திரும்பும்போது, தூக்கிவருகிறவர்கள் முன்னும் பின்னுமாக அசைத்து ஆட்டிக்கொண்டே போவார்கள். சிலை ஆடும், கூட்டம் அழும். இதை நாடகம் என்று எழுதினால் யாராவது கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாளில் உங்களுக்கு எட்டும் தூரத்தில் நடக்கும் மிகப் பெரிய மேடைக்காட்சி அதுதான். கூட்டம் நெரியும், அம்மாவைத் தேர் அன்றைக்கு வீதி ஓரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார வைப்பது நல்லது.

இன்னொரு இடம், காட்சி எதுவும் இல்லாத இடம். புதுச்சேரியிலேயே கருவடிக்குப்பம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று சொல்லப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில்தான் இறந்தார். அங்கே இடுகாட்டில் அவருடைய சமாதி இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, மதுரையில் 1918-ல் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, நாடகம் போட வந்த ஊரில் முடிந்துபோன மனிதர். பக்கவாதத்தில் பேச்சு போன பிறகும் குழுவோடேயே இருந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று இன்றும் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக்காரர்கள் சாப்பிடுவது இவர் எழுதிவைத்த பாட்டை வைத்துத்தான். ஒவ்வோர் ஆண்டும் நினைவு நாளில் நாடகக்காரர்கள் வந்து மாலை போட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். மற்ற நாளில் ஒருவரும் வருவதில்லை. பக்கத்திலேயே பாரதி பாடிய சித்தானந்த சாமி கோயில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தக் கோயிலைச் சொன்னால்தான் வழி தெரியும்.

இப்போது நீங்கள் தவறவிடப்போவதைப் பற்றி. உள்ளூர் நாடகம் என்று கேட்டீர்கள். இந்த மண்ணுக்கு உள்ளூர் நாடகம் என்றால் தெருக்கூத்து. அதிலும் இங்கே இருப்பது தெற்கத்திப் பாணி. செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்து வடக்கத்திப் பாணியிலிருந்து பாட்டும் அடவும் மாறும். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துக் கதை சொல்வார். அதை எழுதிய வில்லிபுத்தூரார் இந்தத் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்தான், அதாவது இந்த வட்டாரத்துக்காரர். பகலில் சொன்ன அதே கதை ராத்திரி கூத்தாக எழுந்து நிற்கும்.

பத்து மணிக்கு மேல் களரி கட்டுவார்கள், அதாவது வாத்தியங்களை முழக்கி ஆரம்பிப்பார்கள். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர்த் தலைவரில் ஆரம்பித்து ரேஷன் கடை வரை எல்லாரையும் வம்புக்கு இழுப்பான். பாரீஸ் கறுப்புப் பூனையில் நடந்த கிண்டலுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அப்புறம் துரியோதனன் வருவான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய பாதம். அவ்வளவுதான் தெரியும். திரைக்குப் பின்னாலிருந்தே அவன் தன் பெருமையைப் பாடுவான், சலங்கை அடிக்கும், திரை நடுங்கும். கட்டியக்காரன் "யாருப்பா உள்ளே?" என்று கேட்டு இழுத்தடிப்பான். கால் மணி நேரம் கழித்துத் திரை விலகும்போது முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் சாய்வார்கள். மார்புப் பதக்கமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் கிரீடமும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, ஜிகினாத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. கனமில்லாத மரம், அதனால்தான் விடியும்வரை அதைக் கட்டிக்கொண்டு சுழன்று ஆட முடிகிறது.

துகிலுரிதல் நடக்கும் ராத்திரியில் சேலையைத் தொடுவதற்கு முன் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். திரௌபதி வேஷம் கட்டியவருக்குக் கற்பூரம் காட்டி, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். திரௌபதியும் ஆண்தான், அவரும் காலையில் டீக்கடையில் பார்த்த ஆள்தான். இருந்தாலும் கூட்டத்தில் யாருக்காவது அருள் வரும். கடைசி நாள் படுகளம், அது பகலில். மண்ணைக் குவித்து ஆள் நீளத்தைப்போலப் பல மடங்கு பெரிய துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டிய துரியோதனன் அதைச் சுற்றி ஓட, பீமன் துரத்த, ஊர்ப் பெண்கள் துடைப்பத்தால் அடிக்க, தொடை பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

இதற்கு டிக்கெட் இல்லை. நடுநடுவே யாராவது நூறோ இருநூறோ கொடுத்தால் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்லி வாழ்த்துவான். நீங்களும் கொடுங்கள். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பண்டிகைகளுக்காக அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதற்கு மேல் இல்லை. அதனால் நகரத்தை ஒட்டிய கோயில்களில் கூத்தைச் சுருக்கி முடித்துவிடுகிறார்கள். முழு இரவுக் கூத்து வேண்டுமென்றால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி தாண்டி உள்ளே போகிற கிராமங்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் தேடிப் பயனில்லை. கோயில்காரர்கள் மஞ்சள் தாளில் பத்திரிகை அடிப்பார்கள். எந்த இரவு என்ன கூத்து, எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு), உபயம் யார் எல்லாம் அதில் இருக்கும். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். கடலூரில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்றீர்களே, பங்குனி பிறந்ததும் அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மே மாத லீவில் வந்தால் பையனுக்குப் பள்ளி கெடாது. வரும்போது அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி, எல்லாருக்கும் கொசுவுக்குத் தடவ ஏதாவது, விரிக்க ஒரு ஜமக்காளம். முன்வரிசை சாயங்காலமே பிள்ளைகள் பாய் போட்டுப் பிடித்துவிடுவார்கள், ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.